வேறு

பாகலூர் சாலை, பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடி.
இரவு பத்துக்கு ஏறினால்
ரஸ்க் வேகும் வாசனையோடு விடிகாலையில் இறங்குவேன்.
நடுவில் பந்து உருளும்,
எந்த நாட்டிலோ, எந்த மழையிலோ.
ஒசூரில் எனக்கு அது விசைப்பலகை.

இடது சுட்டுவிரல் என்றால் பாஸ்.
வலது சுண்டுவிரல், பறிபோன பந்து.
தலையால் முட்டினால் ஒன்று, தோளால் தள்ளினால் ஒன்று,
கோலுக்கும் ஒரே தட்டுதான்.
ஓர் ஆட்டத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்.
ஒலியை அணைத்துத்தான் வைப்போம்,
கூச்சல் கேட்டால் கை தடுமாறும் என்று.

முதல் மாதம் நிறையத் தவறு.
இப்போது பார்க்கவே வேண்டாம்.
வலப்பக்கம் அடைபட்டால் பின்னால் கொடுப்பான்,
பின்னால் இருப்பவன் இடப்பக்கம் கொடுப்பான்.
அவர்கள் கால் அசையும் முன்பே
என் விரல் இறங்கியிருக்கும்.
"இந்த ஷிப்ட்ல உன் வேகம் யாருக்கும் இல்ல, நாகவேணி"
என்பார் திம்மராஜ் அண்ணன்.
வேகம் என்னுடையதா, அவர்கள் அப்படி ஆடுவதாலா
என்று நான் கேட்கவில்லை.
இன்சென்டிவ் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

பதினேழாம் எண்ணை அப்போதுதான் பார்த்தேன்.
இரண்டாம் டிவிஷன். ஒல்லி.
சாக்ஸ் கணுக்காலில் சரிந்து கிடக்கும்.
அறுபத்து மூன்றாம் நிமிடம்
பந்து வந்தது. மிதித்தான்.
அவ்வளவுதான்.
பஸ் வருமா வராதா என்று பார்க்கிறவன்போல நின்றான்.
எதிரே வந்தவன் இடப்பக்கம் சாய்ந்தான்,
வலப்பக்கம் சாய்ந்தான்,
பிறகு, யாரும் தொடாமலே,
புல்லில் உட்கார்ந்துவிட்டான்.
மூன்றரை வினாடி.
அதற்கு விசை இல்லை.

இருந்தது ஒன்று. ஓரத்தில், தூசி படிந்து: 'வேறு'.
அழுத்தினேன்.
பின்னோக்கி ஓட்டினேன், மறுபடி ஓட்டினேன்,
நான்காவது தடவை சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து சீட் கோவிந்தம்மா எட்டிப் பார்த்து
"இதுல என்ன இருக்கு, சும்மாதானே நிக்கிறான்" என்றாள்.

அந்த சீசனில் அவனுக்கு நாற்பத்தோரு 'வேறு' போட்டேன்.
மறைக்காமல் சொல்கிறேன்,
முப்பத்தாறில் பந்தை இழந்தான்.
அதில் இரண்டு கோலாகவே போனது.
பயிற்சியாளர் தலையில் கை வைத்தார்.
நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.
மீதி ஐந்து என் போனில் இருக்கிறது.
இருக்கக் கூடாது, விதிப்படி.

திம்மராஜ் அண்ணன் கூப்பிட்டார்.
"கிளையண்ட் கேக்கறாங்க. வேறுன்னா என்ன?"
சொல்லத் தெரியவில்லை.
"பந்தோட சும்மா நிக்கறது" என்றேன்.
அடுத்த பட்டியலில் அதற்கே ஒரு விசை வந்தது:
'தேவையற்ற தாமதம்'.
பழையதையெல்லாம் மாற்றச் சொன்னார்கள்.
நாற்பத்தோரு தட்டு. ஒன்பது நிமிட வேலை.

மார்ச்சிலிருந்து பதினேழு திரையில் வரவில்லை.
என்னாலா? முழங்கால் வலியாகவும் இருக்கலாம்.
அவன் இடத்துக்கு வந்தவன் நன்றாக ஆடுகிறான்,
பந்தை இழப்பதே இல்லை.
அவன் எண் என்ன என்றுதான் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு சிப்காட் பக்கம் ஒரு மைதானம்.
கம்பெனி அணிகளின் ஆட்டம்.
கோவிந்தம்மாவின் தம்பி ஆடுகிறான் என்று போனேன்.
செம்மண். கோல் கம்பத்தில் யாரோ
டிபன் பையை மாட்டியிருந்தார்கள்.
கியர் பிரிவு ஆள் ஒருவன், தொப்பையும் அவனுமாக,
இடது ஓரத்தில் பந்தை வாங்கினான்.
எதிர்ப்பக்கம் ஒருவன் தனியாக நின்று
கையைத் தூக்கிக் கத்துகிறான்.
துப்பட்டாவுக்குள் என் விரல்
தொடையில் தட்டிவிட்டது: பாஸ்.

அவன் கொடுக்கவில்லை.
மிதித்தான். நின்றான்.
அடித்த தட்டைத் திரும்ப எடுக்க முடியாமல்
விரலைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு பொடியன் வந்து
பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். கோல்.
தமிழில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம்,
கன்னடத்தில் அம்மாவை இழுத்துக் கொஞ்சம்
திட்டு விழுந்தது தொப்பைக்காரனுக்கு.
சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
அதே ஓரத்தில் போய் நின்று
கை காட்டினான், பந்தைக் கொடுக்கச் சொல்லி.